மயில் காவடியைச் சுற்றி வெள்ளைக் கோடு: கிம்ப்பில் இல்லை, கேமில் மட்டும் வருகிறது

மயிலிறகு_பினாங்கு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கோடோ 4 என்ற கேம் இன்ஜினில் ஒரு 2டி கேம் செய்துகொண்டிருக்கிறோம். தைப்பூச இரவில் பினாங்கின் ஜார்ஜ்டவுனிலிருந்து தண்ணீர்மலைக் கோயில் வரை தேர் போகும் பாதைதான் களம். பின்னணி பெரும்பாலும் இருண்ட நீலம், நடுநடுவே தண்ணீர்ப் பந்தல் விளக்குகள். கிராஃபிக்ஸில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

முதலாவது மயில் காவடி. உண்மையான மயிலிறகை வெள்ளைச் சுவர் முன் வைத்து ஃபோனில் எடுத்த ஜேபெக் படம். அதை கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் 256 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கி, பிறகு அழிப்பானால் சுவரை அழித்து, பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்தோம். கிம்ப்பின் சதுரக் கட்டங்கள்மேல் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. கேமுக்குள் போனதும் ஒவ்வொரு இழையைச் சுற்றியும் சாம்பல் கலந்த வெள்ளைக் கோடு. இம்போர்ட் பகுதியில் ‘ஃபிக்ஸ் ஆல்ஃபா பார்டர்’ டிக் ஆகித்தான் இருக்கிறது.

இரண்டாவது சாம்பிராணிப் புகையும் நிழலும். கிம்ப்பில் பார்க்கும் அடர்த்தி கேமில் வருவதில்லை. புகை மங்கிப்போகிறது. தேருக்கு அடியில் வைத்த நிழலோ நேர்மாறாக, கேமில் கன்னங்கரேல் என்று விழுகிறது. ஒரே படத்தில் ஒன்று குறைவதும் ஒன்று கூடுவதும் எப்படி என்று புரியவில்லை.

----------

பிக்சல்_தச்சன் (பிரிக்ஃபீல்ட்ஸ்) எழுதியது:

தம்பி, வெள்ளைக் கோடு என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அதற்குள் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றைக் கறை என்றும் மற்றதைக் கசிவு என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் மருந்து வேறு.

கறை என்பது சுவரின் வெள்ளை, இறகின் ஓரப் பிக்சலிலேயே கலந்துபோனது. அந்தப் பிக்சலின் நிறமே கெட்டுவிட்டது. கசிவு அப்படியல்ல. ஓரப் பிக்சல் சரியாகத்தான் இருக்கும். அதற்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் பிக்சலின் நிறம், கேம் ஓடும்போது உள்ளே கலந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத பிக்சலுக்கு ஏது நிறம் என்று கேட்கலாம். இருக்கிறது. பிஎன்ஜியில் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா நான்கும் தனித்தனி எண்கள். ஆல்ஃபா என்பது பிக்சலின் அடர்த்தி: 0 என்றால் தெரியாது, 255 என்றால் முழு அடர்த்தி. ஆல்ஃபாவை 0 ஆக்கினாலும் மற்ற மூன்றும் அப்படியே உட்கார்ந்திருக்கும். கிம்ப்பின் அழிப்பான் ஆல்ஃபாவை மட்டும்தான் குறைக்கிறது. ஆக, நீங்கள் அழித்த சுவர் எங்கும் போய்விடவில்லை.

பார்க்க வேண்டுமா? படத்தை நகலெடுத்து, லேயர் மெனுவில் மாஸ்க் (லேயரில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் தனிப் படம்) சேர்க்கும் இடத்துக்குப் போங்கள். ‘ட்ரான்ஸ்ஃபர் லேயர்ஸ் ஆல்ஃபா சேனல்’ என்ற தேர்வைக் கொடுங்கள். ஆல்ஃபா முழுவதும் மாஸ்க்குக்கு நகர்ந்துவிடும். பிறகு ‘டிசேபிள் லேயர் மாஸ்க்’ கொடுங்கள். மறைந்திருந்த நிறங்கள் வெளியே வரும். வெள்ளைச் சுவர் தெரிந்தால் கசிவு உறுதி. எல்லாம் கறுப்பாக இருந்தால், ஏற்றுமதியில் ‘சேவ் கலர் வேல்யூஸ் ஃப்ரம் ட்ரான்ஸ்பரன்ட் பிக்சல்ஸ்’ டிக் இல்லாமல் இருந்திருக்கிறது, அல்லது அழித்த பிறகு அளவு மாற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்போது கேமில் வெள்ளைக்குப் பதில் கறுப்புக் கோடு வரும்.

கசிவு எப்படி நடக்கிறது என்று ஒரே ஒரு பிக்சலில் காட்டுகிறேன். இறகின் ஓரம் 20, 90, 80, ஆல்ஃபா 255. பக்கத்துப் பிக்சல் 255, 255, 255, ஆல்ஃபா 0. படம் முழு எண் அளவில் இல்லாமல் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகும்போது, அல்லது அரைப் பிக்சல் நகரும்போது, கிராஃபிக்ஸ் கார்டு இந்த இரண்டையும் சராசரி எடுக்கிறது. நான்கு எண்களையும் தனித்தனியாக. கிடைப்பது 138, 173, 168, ஆல்ஃபா 128. அதாவது பாதி வெளுத்த சாம்பல் பச்சை. இதை உங்கள் இரவு நீலத்தின் மேல், 20, 20, 40 என்று வைத்துக்கொள்வோம், பாதிக்குப் பாதி போட்டால் 79, 96, 104 வருகிறது. வரவேண்டியது 20, 55, 60. நீங்கள் சொல்லும் சாம்பல் கலந்த வெள்ளைக் கோடு அதுதான்.

அடுத்து கறைக்கான சோதனை. கிம்ப்பின் சதுரக் கட்டங்களை நம்ப வேண்டாம். அவை சாம்பல் நிறம். வெளுத்த ஓரம் அந்தச் சாம்பலில் கரைந்துவிடும். இறகு லேயருக்குக் கீழே 20, 20, 40 நிறத்தில் முழு அடர்த்தியாக ஒரு லேயர் போட்டு, 800 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். அங்கேயே வெள்ளை தெரிந்தால் கறையும் இருக்கிறது. வெள்ளைச் சுவர் முன் எடுத்த படம் என்பதால் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். ‘ஃபிக்ஸ் ஆல்ஃபா பார்டர்’ வேலை செய்தால் கசிவு இவ்வளவு தெரியக்கூடாது. இந்தப் படங்கள் எடிட்டரின் இம்போர்ட் வழியாக வருகின்றனவா, இல்லை கேம் ஓடும்போது ஃபோல்டரிலிருந்து நேரடியாக ஏற்றுகிறீர்களா?

----------

மயிலிறகு_பினாங்கு எழுதியது:

அண்ணே, மாஸ்க்கை நிறுத்தியதும் சுவர் அப்படியே வந்து நின்றது. சுவிட்ச் போர்டுகூடத் தெரிகிறது. கீழே நீல லேயர் போட்டுப் பார்த்ததில் அங்கேயும் மெல்லிய வெளுப்பு இருக்கிறது. ஆக இரண்டும்.

காவடிப் பாகங்களை விளையாடுபவரே மாற்றிக்கொள்ளும் வசதி வைத்திருக்கிறோம். அதனால் அவை பயனர் ஃபோல்டரிலிருந்து ஓடும்போதுதான் ஏறுகின்றன.

----------

ஷேடர்_செல்வி (பட்டர்வொர்த்) எழுதியது:

காரணம் அதுதான். ‘ஃபிக்ஸ் ஆல்ஃபா பார்டர்’ என்பது இம்போர்ட் நேரத்தில் நடக்கும் வேலை. ஓடும்போது ஃபைலிலிருந்து இமேஜ் ஆக ஏற்றினால் அந்தப் படி நடக்கவே நடக்காது. டிக் இருந்தும் பயனில்லை.

கேமின் நிரலில் மூன்று வரி சேருங்கள். இமேஜை ஏற்றியதும் அதன் வடிவம் ஆர்ஜிபிஏ8 (மூன்று நிறத்துக்கும் ஆல்ஃபாவுக்கும் தலா 8 பிட்) தானா என்று பார்த்து, இல்லையென்றால் மாற்றுங்கள். பிறகு இமேஜின் ‘ஃபிக்ஸ் ஆல்ஃபா எட்ஜஸ்’ மெத்தடைக் கூப்பிடுங்கள். மிப்மேப் (தூரத்தில் வரைவதற்காக முன்கூட்டியே பாதி பாதியாகச் சுருக்கி வைக்கும் நகல்கள்) வேண்டுமென்றால் அதற்குப் பிறகு உருவாக்குங்கள். அதற்கப்புறம்தான் இமேஜ் டெக்ஸ்ச்சர். இந்த வரிசை முக்கியம். மிப்மேப்பை முதலில் உருவாக்கினால் வெள்ளை எல்லா மட்டத்துக்கும் ஏறிவிடும், பிறகு ஓரத்தை மட்டும் சரிசெய்து பிரயோசனம் இல்லை.

ஆனால் இந்த மெத்தட் கறையைத் தொடாது. ஆல்ஃபா மிகக் குறைவாக உள்ள பிக்சல்களுக்குப் பக்கத்து அடர்த்தியான பிக்சலின் நிறத்தைக் கொடுக்கும், அதுவும் ஓரத்தை ஒட்டிய சில பிக்சல் தூரத்துக்குத்தான். ஆல்ஃபா 100, 150 என்று இருக்கும் வெளுத்த ஓரத்தை அது நல்ல நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். இன்னும் மோசம், அந்த வெளுப்பையே வெளியே பரப்பும். அதனால் கறையை கிம்ப்பிலேயே எடுத்தாக வேண்டும்.

ப்ரீமல்டிப்ளைடு ஆல்ஃபா பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது அதைச் செய்யச் சொல்வார்கள். நல்ல வழிதான். நிறத்தை முன்கூட்டியே ஆல்ஃபாவால் பெருக்கி வைத்துவிடுவது. ஆல்ஃபா 0 என்றால் நிறமும் 0. அண்ணன் போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 20, 90, 80, 255-ஐயும் 0, 0, 0, 0-ஐயும் சராசரி எடுத்தால் 10, 45, 40, 128. இதை ப்ரீமல்ட் ப்ளெண்டில் (ப்ளெண்ட் என்பது படத்தைப் பின்னணியோடு கலக்கும் முறை) நீலத்தின் மேல் போட்டால் 10 கூட்டல் 10, 45 கூட்டல் 10, 40 கூட்டல் 20. சரியாக 20, 55, 60. மறைந்திருந்த நிறம் என்னவாக இருந்தாலும் கவலையில்லை.

ஆனால் படமும் ப்ளெண்டும் ஒரே முறையில் இருக்க வேண்டும். இமேஜை ‘ப்ரீமல்டிப்ளை ஆல்ஃபா’ செய்தால், அதை வரையும் கேன்வாஸ் ஐட்டம் மெட்டீரியலின் ப்ளெண்ட் மோடும் ‘ப்ரீமல்ட் ஆல்ஃபா’ ஆக வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் என்ன ஆகும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கண்டுபிடிக்கச் சுலபம். பெருக்கிய படத்தைச் சாதாரண மிக்ஸில் வரைந்தால் ஆல்ஃபா இரண்டு முறை பெருகும், ஓரம் கறுத்துப்போகும். மேலே சொன்ன பிக்சல் 20, 55, 60-க்குப் பதில் 15, 33, 40 ஆகிவிடும். பெருக்காத படத்தை ப்ரீமல்டில் வரைந்தால் ஓரம் பளீரென்று எரியும், மறைந்திருந்த சுவர் சதுரமாக வெளியே வரும்.

உங்கள் கேமுக்கு ப்ரீமல்டில் ஒரு தனி லாபம் உண்டு. ஆல்ஃபா 0, ஆனால் நிறம் இருக்கிறது என்றால் ப்ரீமல்டில் அது வெளிச்சமாகக் கூடும். கற்பூரச் சுடரையும் அதன் புகையையும் ஒரே படத்தில், ஒரே வரைதலில் வைக்கலாம். சுடர் வெளிச்சமாகக் கூடும், புகை மறைக்கும்.

அதேசமயம் 8 பிட்டில் மெல்லிய புகையைப் பெருக்கி வைத்தால் படிப்படியாகத் தெரியும். ஆல்ஃபா 8 உள்ள பிக்சலுக்கு நிறம் 0 முதல் 8 வரைக்கும்தான் இடம். ஒன்பதே படிகள்.

----------

பிக்சல்_தச்சன் எழுதியது:

செல்வி சொன்னது சரி. இப்போது கறையை எடுக்கும் வேலை. இதைத்தான் பலரும் அவசரமாகச் செய்து கெடுக்கிறார்கள்.

முதலில் வரிசையை மாற்றுங்கள். நீங்கள் சுருக்கிவிட்டு அழித்தீர்கள். சுருக்கும்போதே சுவரும் இழையும் ஒரே பிக்சலுக்குள் கலந்துவிட்டன. பெரிய படத்தில் பிரித்தெடுத்து, பிறகு சுருக்க வேண்டும். ஃபோன் ஜேபெக்குக்கு இது இன்னும் முக்கியம். பெரும்பாலான ஜேபெக் படங்களில் வெளிச்ச விவரம் முழு அளவிலும், நிற விவரம் இரு பக்கமும் பாதி அளவிலும்தான் சேமிக்கப்படுகிறது. அதனால் ஓரத்தில் பச்சை ஒன்றிரண்டு பிக்சல் வெளியே வழியும். 3000-இலிருந்து 256-க்கு வரும்போது அந்த வழிசல் காணாமல் போய்விடும். சுருக்கிய பிறகு வெட்டினால் அந்த லாபம் கிடைக்காது.

மூலப் படத்தை அழிப்பான் படாமல் திறந்துகொள்ளுங்கள். லேயர் பெயர் தடித்த எழுத்தில் இருந்தால் அதில் ஆல்ஃபா சேனல் இல்லை. லேயர், ட்ரான்ஸ்பரன்சி, ‘ஆட் ஆல்ஃபா சேனல்’ கொடுங்கள். இதைச் செய்யாமல்தான் அழிக்க அழிக்க வெள்ளையாகவே வருகிறது என்று பலர் கேட்கிறார்கள்.

லேயரை நகலெடுங்கள். கீழ் லேயருக்கு இழைகள் என்றும் மேல் லேயருக்கு உடல் என்றும் பெயர் வையுங்கள்.

இழைகள் லேயரில் கலர்ஸ் மெனுவின் ‘கலர் டு ஆல்ஃபா’. எடுக்க வேண்டிய நிறம் தூய வெள்ளை அல்ல, உங்கள் சுவரின் நிறம். கலர் பிக்கரால் இறகுக்குப் பக்கத்திலேயே தொட்டு எடுங்கள். குழல் விளக்கில் எடுத்த வெள்ளைச் சுவர் 255-ஆக இருக்கவே இருக்காது. 230-க்குப் பக்கத்தில், கொஞ்சம் மஞ்சளோ நீலமோ சாய்ந்திருக்கும். 255 கொடுத்தால் மெல்லிய சாம்பல் படலம் மிஞ்சும். சுவர் ஒரே சீராக இல்லாவிட்டால் ‘ட்ரான்ஸ்பரன்சி த்ரெஷோல்டை’ கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சுவர் முழுக்க மறையும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நுனி இழைகள் உடையும்.

இந்தக் கருவி செய்வது வெறும் அழிப்பு இல்லை. கலந்த நிறத்திலிருந்து சுவரின் பங்கைக் கழித்து, இறகின் பழைய நிறத்துக்கு நெருக்கமானதைத் திருப்பித் தருகிறது. 138, 173, 168 என்ற வெளுத்த பிக்சலில் பாதி வெள்ளை என்றால், 138-இலிருந்து 127.5 கழித்து 0.5-ஆல் வகுத்தால் 21. பச்சைக்கு 91, நீலத்துக்கு 81. ஏறக்குறைய பழைய 20, 90, 80. அழிப்பானால் இதை ஒருநாளும் செய்ய முடியாது. அது வெளுத்த நிறத்தை வெளுத்ததாகவே வைத்துக்கொண்டு அடர்த்தியை மட்டும் குறைக்கும்.

கலர் டு ஆல்ஃபாவின் குறை, அது ஓரம் எது உள்ளே எது என்று பார்க்காது. இறகின் கண்ணைச் சுற்றி வெண்கல நிற வளையம் இருக்கிறதல்லவா, அதன் மினுமினுப்பில் வெளிர் நிறம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் ஓட்டை விழும். இருட்டுப் பின்னணியில் இறகுக்குள் நீலம் எட்டிப்பார்க்கும். அதற்குத்தான் மேலே உடல் லேயர். அதில் இறகின் நடுப்பகுதியை மட்டும் வளைத்துத் தேர்ந்தெடுங்கள். ஃப்ரீ செலக்ட் போதும், துல்லியம் தேவையில்லை. ஓரத்திலிருந்து உள்ளே 5, 6 பிக்சல் தள்ளியே இருக்கட்டும். தேர்வின் ஓரத்தை மென்மையாக்க ஃபெதர் 3 கொடுத்து, அந்தத் தேர்வையே லேயர் மாஸ்க் ஆக்குங்கள். இப்போது நடுப்பகுதி மூலப் படத்திலிருந்து முழு அடர்த்தியோடு வருகிறது. பிரிபிரியான இழைகள் மட்டும் கீழ் லேயரிலிருந்து வருகின்றன.

இரண்டையும் ஒன்றாக்கி, 256-க்குச் சுருக்குங்கள். கறை முடிந்தது.

கடைசியாக, மறைந்திருக்கும் நிறத்தை நிரப்புவது. செல்வி சொன்ன மெத்தட் இருந்தாலும் படத்திலேயே இதைச் செய்துவிடுவது நல்லது. பிறகு எந்த இன்ஜினுக்குப் போனாலும் தொல்லை இல்லை. சுருக்கிய லேயரில் ‘ஆல்ஃபா டு செலக்‌ஷன்’ எடுத்து, அந்தத் தேர்வை ஒரு சேனலாகச் சேமியுங்கள். தேர்வை நீக்கிவிடுங்கள். லேயரை நகலெடுத்து, நகலுக்கு காஸியன் ப்ளர் 4. அந்த மங்கிய லேயரை ஐந்தாறு முறை நகலெடுத்து ஒன்றாக்குங்கள். அடுக்க அடுக்க மெல்லிய ஓரம் அடர்த்தியாகி, இறகின் நிறம் வெளியே பரவி நிற்கும். அதற்கும் கீழே இறகின் பொதுவான கரும்பச்சையில் ஒரு முழு லேயர். மூல லேயர் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க, மூன்றையும் ஒன்றாக்குங்கள். இப்போது ட்ரான்ஸ்பரன்சியே இல்லாத, ஓரம் வழிந்த ஒரு பச்சைப் படம் கிடைக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆல்ஃபா சேனல் சேர்த்து, சேமித்த சேனலை மாஸ்க்காகப் போட்டு, ‘அப்ளை லேயர் மாஸ்க்’. ஏற்றுமதியில் ‘சேவ் கலர் வேல்யூஸ் ஃப்ரம் ட்ரான்ஸ்பரன்ட் பிக்சல்ஸ்’ கட்டாயம் டிக்.

இதற்குப் பிறகு அளவு மாற்றவோ சுழற்றவோ கூடாது. மாற்றினால் மறைந்த நிறம் போய்விடும், நிரப்பும் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். பிஎன்ஜி அளவைக் குறைக்கும் கருவிகளிலும் கவனம். அவற்றில் ஆல்ஃபா 0 நிறங்களைத் துடைக்கும் தேர்வு இருக்கும். அது ஓடினால் இவ்வளவும் வீண். நண்பருக்கு அனுப்பும்போது வாட்ஸ்ஆப்பில் ஃபோட்டோவாக அனுப்பாதீர்கள், ஜேபெக் ஆகி ஆல்ஃபாவே போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு: லேயர் மெனுவில் மேட்டிங் கீழே ‘ரிமூவ் ஒயிட் மேட்’, ‘டீஃப்ரிஞ்ச்’ இரண்டும் உண்டு. டீஃப்ரிஞ்ச் 1 பிக்சல் கொடுத்துப் பாருங்கள். மயிலிறகு போன்ற மெல்லிய இழைக்கு அது முரடு. மறைந்த நிறத்தைக் காப்பாற்ற அங்கே பிஎன்ஜியை விட 32 பிட் டிஜிஏ சௌகரியம். நிறத்தை முழுக்க நிரப்பிய படம் ஒரு பக்கம், ஆல்ஃபா தனிச் சேனலாக ஒரு பக்கம், இரண்டும் உங்கள் கையில் இருக்கும்.

----------

செந்தூல்_டைல்ஸ் எழுதியது:

இதே பதிவுத் தொடரில் கேட்டுவிடுகிறேன். பத்துமலைப் படிக்கட்டு ஒரு கட்டம். 272 படிகளையும் 32×32 டைல்களால் அடுக்கியிருக்கிறேன், படிகளின் வண்ணங்களுக்கு ஏற்ப பல டைல்கள். கேமரா நகரும்போது படிக்கும் படிக்கும் நடுவே மெல்லிய கோடு மினுங்கி மினுங்கி மறைகிறது. இதுவும் கசிவா?

----------

ஷேடர்_செல்வி எழுதியது:

பாதி அது, பாதி வேறு. மூன்று இடம் பாருங்கள்.

டைலின் நான்கு ஓரங்களிலும் ஆல்ஃபா 255 இருக்கிறதா? பாயிண்ட்டர் டயலாக்கைத் திறந்து ஓரப் பிக்சல்கள்மேல் நகர்த்திப் பாருங்கள். க்யூபிக்கில் சுருக்கிய டைல்களின் ஓரம் 240, 250 என்று இறங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் பின்னணி கீறலாக எட்டிப்பார்க்கும். முழுக்க அடைபட்ட படிக்கல்லுக்கு ஆல்ஃபா சேனலே வேண்டாம். ‘ரிமூவ் ஆல்ஃபா சேனல்’ கொடுத்து முடித்துவிடுங்கள். கைப்பிடி போன்ற ஓட்டை உள்ள பிக்சல் ஆர்ட் டைல் என்றால் ‘த்ரெஷோல்ட் ஆல்ஃபா’ 0.5. அளவு மாற்றும்போது இன்டர்பொலேஷன் ‘நன்’.

அடுத்து அட்லஸ், அதாவது எல்லா டைல்களையும் அடுக்கி வைத்த ஒரே படம். சிவப்புப் படியும் நீலப் படியும் ஒரே படத்தில் ஒட்டி ஒட்டி இருந்தால், ஓரத்தில் பக்கத்து டைலின் நிறம் எடுபடும். ஒவ்வொரு டைலுக்கும் சுற்றி 1 அல்லது 2 பிக்சல், அதன் சொந்த ஓர நிறத்தையே நீட்டி வையுங்கள். வெறும் ட்ரான்ஸ்பரன்ட் இடைவெளி விட்டால் போதாது, அப்போது அந்த வெறுமைதான் கசியும். கோடோ 4-இன் டைல்செட்டில் ‘யூஸ் டெக்ஸ்ச்சர் பேடிங்’ இதைத் தானாகவே 1 பிக்சல் செய்கிறது. யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

மூன்றாவது கேமரா ஜூம். 1.3 மாதிரி எண்ணில் 32 பிக்சல் 41.6 ஆகிறது. கோடு மினுங்குவது அங்கேதான். பிக்சல் ஆர்ட்டுக்கு 1, 2, 3 என்று முழு எண்ணிலேயே வையுங்கள், ஃபில்டர் ‘நியரஸ்ட்’.

மயிலிறகு தம்பியின் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. புகையும் நிழலும்.

அதில் படத்தின்மேல் தப்பில்லை. கிம்ப் 2.10 முதல் நார்மல் மோடு லீனியர் வெளிச்சத்தில், அதாவது எண்களை உண்மையான ஒளி அளவாக மாற்றிக் கலக்கிறது. கோடோவின் 2டி, ‘ஹெச்டிஆர் 2டி’ போடாத வரை, சேமித்த எண்களையே நேரடியாகக் கலக்கிறது. கறுப்பின் மேல் பாதி அடர்த்தியில் வெள்ளை வைத்தால் கிம்ப்பில் 188, கோடோவில் 128. அதனால் புகை கேமில் மங்கல். வெள்ளையின் மேல் பாதி அடர்த்தியில் கறுப்பு வைத்தாலும் கிம்ப்பில் 188-தான், கோடோவில் 128-தான். அதனால் நிழல் கேமில் கறுப்பு. ஒன்று குறைவதும் ஒன்று கூடுவதும் ஒரே காரணத்தால்தான்.

ஒரே எண்ணால் பெருக்கி இதைச் சரிசெய்ய முடியாது. மேலே சொன்ன 188 கிடைக்க கோடோவில் புகைக்கு 0.74 ஆல்ஃபா வேண்டும், நிழலுக்கோ 0.26 போதும். பின்னணி மாறினால் அந்த எண்களும் மாறும். அதனால் கிம்ப்பின் பார்வையை மாற்றுங்கள். லேயர் மோடை லெகசி தொகுப்புக்கு மாற்றினால், அல்லது லேயரின் கலப்பு வெளியை ‘பெர்செப்சுவல்’ என்று வைத்தால், கேமில் வருவதையே கிம்ப்பில் பார்க்கலாம். பிறகு கண் பார்த்து அடர்த்தியை வையுங்கள்.

புகைக்குக் கறையும் கசிவும் வராமல் இருக்க ஒரு எளிய வழி. முழு லேயரையும் ஒரே வெளிர்சாம்பலால் நிரப்புங்கள், 225, 225, 230 மாதிரி. புகையின் வடிவத்தை மாஸ்க்கில் மட்டும் வரையுங்கள். மாஸ்க்கை அப்ளை செய்து, மறைந்த நிறத்தோடு ஏற்றுமதி செய்யுங்கள். எல்லாப் பிக்சலுக்கும் ஒரே நிறம், ஆல்ஃபா மட்டும்தான் மாறுகிறது. சராசரி எடுத்தாலும் அதே நிறம்தான் வரும்.

----------

மயிலிறகு_பினாங்கு எழுதியது:

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. இரண்டு லேயர் முறையில் பிரித்ததில் நுனி இழைகள்கூட இருட்டில் பச்சையாகவே நிற்கின்றன. புகையும் நிழலும் இப்போது கிம்ப்பில் பார்ப்பதுபோலவே வருகின்றன.

ஒன்று மட்டும் மிச்சம். நிரப்பும் வேலையை நாலு இறகுக்குத்தான் செய்தோம். மற்றவற்றுக்கு நிரலில் ‘ஃபிக்ஸ் ஆல்ஃபா எட்ஜஸ்’ மட்டும். கிட்டே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கேமரா தூரப் போய்க் காவடி 32 பிக்சல் அளவுக்கு வரும்போது, நிரப்பாதவற்றில் மட்டும் வெளுப்பு திரும்பி வருகிறது.

----------

பிக்சல்_தச்சன் எழுதியது:

மிப்மேப். 256 பிக்சல் படம் 32-இல் வரையப்படும்போது எட்டில் ஒரு பங்கு, அதாவது மூன்றாவது மட்டம். அங்கே ஒரு பிக்சல் என்பது மூலத்தின் 8×8 பிக்சல்களின் சராசரி. ஓரத்திலிருந்து 8 பிக்சல் வரை உள்ள எல்லா நிறமும் அதற்குள் வந்துவிடும். பக்கத்துப் பிக்சலோடு மறுபடி சராசரி எடுக்கும்போது 16 வரை போகும். மெத்தட் நிரப்பியது சில பிக்சல்தான், அதற்கு வெளியே பழைய சுவர் அப்படியே இருக்கிறது. நீங்கள் கையால் செய்த நாலில் கீழே கரும்பச்சை முழு லேயர் இருந்ததால் படத்தின் மூலை வரைக்கும் பச்சை.

எல்லா இறகுக்கும் அதையே செய்யுங்கள். ப்ளர் 4-இல் நின்றாலும் பரவாயில்லை, அடியில் உள்ள முழு நிறம்தான் தூரத்துக்குக் காவல். விளையாடுபவர்கள் தாங்களே போடும் படங்களுக்கு இப்படிச் செய்யச் சொல்ல முடியாது. அவற்றுக்கு நிரலில் ப்ரீமல்டிப்ளை செய்து, மெட்டீரியலையும் ப்ரீமல்டாக்கி, அதன் பிறகு மிப்மேப் உருவாக்குங்கள்.

நிரப்பினால் பிஎன்ஜி கொஞ்சம் பெரிதாகும். ஆனால் விராம் (கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம்) கம்ப்ரெஷன் போடுவதாக இருந்தால் லாபம்தான். டிஎக்ஸ்டி5 என்ற கம்ப்ரெஷன் முறை ஒவ்வொரு 4×4 கட்டத்துக்கும் இரண்டே முனை நிறங்களை வைத்து இடைநிறங்களைக் கணக்கிடுகிறது. கட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை இருந்தால், ஒரு முனை அந்த வெள்ளைக்கே போய்விடும், இறகின் பச்சை நீல வேறுபாடுகளுக்கு இடம் இருக்காது. டிஎக்ஸ்டி1 பக்கம் போக வேண்டாம். 1024×1024-க்கு டிஎக்ஸ்டி5 ஒரு எம்பி, டிஎக்ஸ்டி1 அதில் பாதி. ஆனால் அதன் ஆல்ஃபா உண்டு அல்லது இல்லை என்ற ஒரே பிட், மறையும் பிக்சலின் நிறமோ எப்போதும் கறுப்பு. நீங்கள் நிரப்பிய பச்சை அங்கே நிற்காது.